சீசன் முடிந்த கரைக்குப் போவோம்

இலங்கையில் பனிக்காலம் என்று ஒன்று இல்லை. நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லின் மேல் கொஞ்சம் உறைபனி படியும், அவ்வளவுதான். ஆனால் 'வின்டர் சீசன்' மட்டும் வருடாவருடம் தவறாமல் வந்துவிடுகிறது. நவம்பர் பிறந்ததும் பேஸ்புக் முழுக்க ஹிக்கடுவை, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸதான். அந்த வின்டர் எங்களுடையதல்ல. ஐரோப்பாவில் குளிர் தாங்காமல் அங்குள்ளவர்கள் வெயில் தேடிப் புறப்படுகிற காலத்துக்கு வைத்த பெயர் அது. எங்கள் தென்மேற்குக் கரையில் கடல் அடங்கிக் கிடக்கிற மாதங்களும் அதேதான் என்பதால் இரண்டும் பொருந்திப் போயின. பிறகு அதுவே நாட்டுக்கே சீசன் ஆகிவிட்டது.

டிசம்பர் லீவுக்கு எங்கே ட்ரிப் போகலாம் என்று பட்ச் குரூப்பில் யாராவது கேட்டால் முதலில் விழுகிற பெயர் மிரிஸ்ஸ. யாராவது ஒருவர் மெல்ல மட்டக்களப்பு, திருகோணமலை என்று போட்டால் உடனே பதில் வரும்: "டிசம்பர்ல அங்க என்ன கிடக்கு? மழையும் வெள்ளமும்தானே." அதோடு கதை முடிந்துவிடும். அந்த இடத்தில் கதையை முடிக்கக்கூடாது என்பதுதான் எங்கள் வாதம். ட்ரிப் போகக் கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கிற கம்பஸ் மாணவர்கள் இந்த மாதங்களில் சீசன் முடிந்த கரைக்குத்தான் போகவேண்டும் என்று நினைக்கிறோம். ரூம் மலிவு என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணங்களும் இருக்கின்றன.

முதலில் மழைக் கணக்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது காலி, களுத்துறைப் பக்கம் கடல் கொந்தளிக்கும், கிழக்கில் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. அப்போது எல்லாம் தலைகீழ். இடையில் ஒக்டோபர், நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும், சிலவேளை புயலாகவும் மாறும். இதனால்தான் அறுகம்பேயில் அலைச்சறுக்கு சீசன் ஏறத்தாழ மே முதல் ஒக்டோபர் வரை. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் படகு போவது நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. ஒரு கரை கடை திறக்கிறபோது மற்றக் கரை கடை பூட்டும்.

சுற்றுலாக்காரர்கள் வருவதற்குப் பல காலம் முன்பே இந்தக் கணக்கு மீனவர்களுக்குத் தெரியும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தங்கள் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் முல்லைத்தீவுக்கும் கிழக்குக் கரைக்கும் வந்து வாடி அடித்துத் தொழில் செய்து, காற்று மாறியதும் திரும்பிப் போவார்கள். இன்றைக்கு அதே மாதிரி அலைச்சறுக்குப் பழக்குகிறவர்களும் சமையல்காரர்களும் கரை மாறுகிறார்கள். மே மாதம் அறுகம்பேயில் நிற்கிற பெடியன் நவம்பரில் வெலிகமவில் நிற்பான். ஆனால் எல்லோராலும் கரை மாற ஏலாது. ரூம் துப்புரவு செய்கிற அக்கா, பொத்துவில் களப்பில் படகு வலிக்கிற ஐயா, வீதியோரத்தில் ரொட்டிக் கடை போட்டிருக்கிற குடும்பம், லீசிங்கில் ஓட்டோ எடுத்தவர், இவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். ஆறு மாதம் உழைத்ததை வைத்துப் பன்னிரண்டு மாதம் ஓட்டவேண்டும். லீசிங் கம்பனிக்கு சீசன், ஓஃப் சீசன் தெரியாது. மாதம் பிறந்தால் தவணை கட்டவேண்டும்.

இனி மற்றப் பக்கத்தைப் பார்ப்போம். டிசம்பரில் தெற்குக் கரையில் எங்களுக்கு என்ன கிடைக்கிறது? போன வருடம் எங்களில் நான்கு பேர் தெற்கில் ஒரு கடற்கரை ஊருக்குப் போனோம். முதலில் நின்ற இடத்தில் விலையை டொலரில் சொன்னார்கள். இரண்டாவது இடத்தில் 'லோக்கலா?' என்று கேட்டுவிட்டு ரூம் இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் அடையாள அட்டையை வாங்கிப் பெயரையும் ஊரையும் இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் சாவி தந்தார்கள். ஒரு பிளேட் கொத்து விலையில் கம்பஸ் கன்டீனில் நாலு நாள் சாப்பிடலாம். 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று விளம்பரம் போட்ட பார்ட்டி ஒன்று எதிர்ப்புக் கிளம்பிய பிறகு ரத்தானது நினைவிருக்கும். எல்லா இடமும் அப்படி என்று சொல்ல வரவில்லை. அன்பாக நடத்திய ஆட்களும் இருந்தார்கள், வழி கேட்டபோது கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்து காட்டிய மாமாவும் இருந்தார். அவர்களுக்கும் அந்த ஐந்து மாதத்தில்தான் வருடத்துக்குரிய சம்பாத்தியம். டொலரில் தருகிறவன் வாசலில் நிற்கிறபோது நாலு பேர் சேர்ந்து ஒரு ரூம் கேட்கிற மாணவர்கள் வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும். அதில் கோபப்பட்டுப் பிரயோசனமில்லை. அந்த வரிசையில் போய் நிற்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறோம்.

அடுத்த காரணம்தான் எங்களுக்கு முக்கியமானது. நாட்டின் மற்றப் பகுதிகளில் இருக்கிற ஆட்களுக்குக் கிழக்கு எப்படித் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஜூலையில் அது ஒரு விளம்பரப் படம்: நீலக் கடல், வெள்ளை மணல், ஒரு ஊஞ்சல், ஆள் நடமாட்டமே இல்லை. டிசம்பரில் அது ஒரு வெள்ளச் செய்தி: இடுப்பளவு தண்ணீர், படகில் ஒரு கர்ப்பிணித் தாய், பாடசாலையில் நலன்புரி முகாம், எத்தனை குடும்பம் எத்தனை பேர் என்று ஒரு எண்ணிக்கை. இரண்டு படத்திலும் அங்கே சாதாரணமாக வாழ்கிற சனம் இல்லை. மழையோடு வயலுக்குப் போகிறவர், சைக்கிளில் டியூஷனுக்குப் போகிற பிள்ளை, வாவியில் இறால் பிடித்துவந்து சந்தியில் கூறு வைத்து விற்கிறவர் இந்த இரண்டு படத்துக்கும் நடுவில் காணாமல் போகிறார்கள். சீசன் இல்லாத காலத்தில் போகிறவனுக்குத்தான் இவர்களைப் பார்க்கவும் இவர்களோடு கதைக்கவும் வாய்க்கும்.

பொய் சொல்லி யாரையும் கூட்டிப் போக விருப்பமில்லை. டிசம்பர், ஜனவரியில் கிழக்கில் கிடைக்காதவை நிறைய. நிலாவெளியிலிருந்து புறாமலைத் தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பார்க்கிற கதையை மறந்துவிடுங்கள். அறுகம்பேயில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். பாசிக்குடாவில்கூட ஆற்றுத் தண்ணீர் கலந்து கடல் கலங்கியிருக்கிற நாட்கள் உண்டு. கல்லடிப் பாலத்துக்குக் கீழே பாடும் மீன் கேட்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான், அது கோடைகாலத்துப் பௌர்ணமி இரவுகளின் சங்கதி. கடலில் இறங்கிக் குளிக்காவிட்டால் ட்ரிப்பே இல்லை என்கிறவர்கள் ஜூன் வரைக்கும் பொறுத்திருப்பது நல்லது.

ஆனால் கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே திரும்பினால் இந்த மாதங்கள்தான் அந்த மண்ணின் உண்மையான சீசன். ஒக்டோபர், நவம்பரில் விதைத்த பெரும்போக நெல் ஜனவரியில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக நிற்கும். மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு பின்னேரம் சைக்கிளில் போய்வந்தால் தெரியும். ஓகஸ்டில் அதே இடம் வேறு நிறத்தில் கிடக்கும். மழை கூடினால் வாவித் தண்ணீர் கடலுக்குப் போக முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் வாவியில் மீன் பிடிக்கிறவருக்கும் வேறு வேறு கணக்கு. புவியியல் பாடத்தில் நாங்கள் வரைபடத்தில் நிறம் தீட்டிப் படித்தது, அங்கே இரண்டு பேர் தேத்தண்ணிக் கடையில் வாக்குவாதப்படுகிற விஷயமாக இருக்கும். திருகோணமலையில் கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளும் எப்போது குளித்தால் சுகம்? வெயில் கொளுத்துகிற ஜூலையிலா, மழைக் குளிரிலா?

வெள்ளத்துக்குப் பயந்தால் மன்னார் இருக்கிறது. நாட்டின் மிக வறண்ட பகுதிகளில் அது ஒன்று. அங்கேயும் இந்தக் காலத்தில்தான் மழை என்றாலும் கிழக்கு அளவுக்கு இல்லை. பூநாரைகளும் மற்ற வலசைப் பறவைகளும் வருகிற காலம் இது. வங்காலை பறவைகள் சரணாலயம் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இருக்கிறது. கட்டுக்கரைக் குளம் நிரம்பிக் கிடக்கும். பள்ளிமுனையில் பருத்துக் கிடக்கிற அந்தப் பெருக்கமரத்துக்கு எந்தக் காலமும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தை இந்தப் பட்டியலில் நாங்கள் சேர்க்கவில்லை. டிசம்பரில் வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் வந்து இறங்குவதால் அங்கே அது ஓஃப் சீசனே இல்லை. நெடுந்தீவுக்குப் போவதென்றாலும் குறிகாட்டுவானில் நின்று இன்றைக்குப் படகு ஓடுமா என்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

போன ஜனவரியில் பாசிக்குடாவுக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கடையில் தேத்தண்ணி குடித்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைக்கார அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "இந்த மழைக்குள்ள என்னத்துக்கு வந்த மனே?" என்று கேட்டார். சும்மா பார்க்க என்றோம். "சும்மா பாக்கிறதுக்கு இதான் நல்ல நேரம். மத்த நேரம் எங்களுக்கு உங்களோட நிண்டு கதைக்க எங்க நேரம்?" என்றார். பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தார். ஹோட்டல்கள் வந்த பிறகு வேலை கிடைத்த பிள்ளைகள், கடலுக்குப் போகிற பாதை அடைபட்டுப்போன கதை, சீசன் முடிந்ததும் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு அடுத்த வருடம் கூப்பிடுவார்களா என்று தெரியாமல் இருக்கிற மருமகள். ஓகஸ்டில் அதே கடையில் நின்றிருந்தால் தேத்தண்ணிக் காசைக் கொடுத்துவிட்டு வந்திருப்போம்.

இதற்கு எதிராக வருகிற வாதங்களில் பாரமானது பாதுகாப்பு. அதைச் சும்மா தட்டிவிட ஏலாது. 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி மட்டக்களப்பில் எந்த வீட்டு ஆச்சியும் கதை சொல்வார். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. மலையகத்தில் மண்சரிவில் வீதிகளும் ரயில் பாதையும் குடியிருப்புகளும் போயின. இதையெல்லாம் கண்டபிறகு பெற்றோர், அதுவும் பெண்பிள்ளைகளின் பெற்றோர், 'மழைகாலத்தில் எங்கேயும் போகவேண்டாம்' என்று சொன்னால் அதைப் பழமைவாதம் என்று முத்திரை குத்த முடியாது. அவர்கள் பயப்படுகிற விஷயம் உண்மையானது.

ஆகவே இடத்தைத் தெரிவுசெய்வதோடு நாளையும் தெரிவுசெய்யவேண்டும். நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரைக்கும் கிழக்குக்கு ட்ரிப் திட்டம் வேண்டாம். ஜனவரி நடுப்பகுதி கொஞ்சம் நம்பலாம், மழை விட்டுவிட்டுப் பெய்யும், வெயிலும் எட்டிப்பார்க்கும். புறப்படுமுன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள், நீர்ப்பாசனத் திணைக்களம் வெளியிடுகிற ஆற்று நீர்மட்டத்தையும் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும். அதைவிடப் பெரிய வழி, அந்த ஊர் பட்ச்மேட்டுக்கு ஒரு கோல் எடுப்பது. கிரான் பக்கத்தில் எந்த வீதிக்கு மேலால் தண்ணீர் போகிறது என்று எந்த அப்பையும் விட அந்த ஊர்க்காரனுக்கு முதலே தெரியும். அவன் "இப்ப வராதீங்க" என்றால் போகக்கூடாது. வெள்ளம் பார்க்கவென்று வாகனம் பிடித்துப் போய், மூழ்கிய வீதியில் நின்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தை நாங்கள் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது சுற்றுலா அல்ல, அடுத்தவன் வீட்டுத் துக்கத்தில் போய் நின்று சிரிப்பது.

இன்னொரு விஷயம் பேரம். ஓஃப் சீசனில் கெஸ்ட் ஹவுஸ்காரர் தானாகவே விலையைக் குறைத்துத்தான் சொல்வார். அதற்குப் பிறகும் பாதியாக்கு, பாதியிலும் பாதியாக்கு என்று நெருக்கிவிட்டு, வந்து 'செம டீல்' என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூட்டிக் கிடந்த வீட்டை எங்களுக்காகத் திறந்து, கூட்டிக் கழுவி, ஒரு அக்காவை வேலைக்குக் கூப்பிட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் அடித்து வைத்திருக்கிறார் என்பதை யோசிக்கவேண்டும். எட்டுப் பேர் போனால் ஆளுக்கு இருநூறு ரூபா மிச்சம் பிடித்து எங்களுக்கு என்ன வரப்போகிறது? அங்கே அது அந்த அக்காவின் ஒரு நாள் சம்பளம். மழை எச்சரிக்கை வந்து நாங்கள் போக முடியாமல் போனால் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காமல் விடுவதும் இதே கணக்குத்தான். திகதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

இந்தக் காலத்துக்கு இன்னொரு கனமும் இருக்கிறது. நவம்பர் 27 வடக்கு கிழக்கில் எத்தனையோ வீடுகளில் விளக்கேற்றுகிற நாள். 2004 டிசம்பர் 26 அன்று நாடு முழுவதும் 30,000 பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது. கல்லடி, நாவலடி, கல்முனை, மருதமுனைக் கரைகளில் அந்த நாளில் கடற்கரைக்கு வருகிறவர்கள் படம் கொண்டுவந்து, பூ வைத்து, பேசாமல் நிற்பார்கள். அதே நேரத்தில் அங்கே ஸ்பீக்கர் பூட்டிய வானில் போய் இறங்கி ஆடுவதை யாராலும் நியாயப்படுத்த முடியாது. இது கிழக்குக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. டிசம்பர் பார்ட்டிக்குப் பெயர்போன ஹிக்கடுவையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில்தான் பெரலிய. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களோடு ரயிலைக் கடல் புரட்டிப்போட்ட இடம். சீசன் களைகட்டுகிற கரைக்கும் சீசன் முடிந்த கரைக்கும் அந்தத் திகதி ஒன்றுதான். அந்தக் கிழமை எந்தக் கரைக்குப் போனாலும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போவோம். அடுத்த நாள் கரையில் எங்கள் பிளாஸ்டிக் போத்தலும் லன்ச் சீட்டும் கிடக்கக்கூடாது என்பதைத் தனியாக வேறு சொல்லவேண்டுமா?

"நாலு மாணவர் போய் ரொட்டி சாப்பிட்டால் கிழக்கின் பொருளாதாரம் நிமிர்ந்துவிடுமா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. நிமிராது. சீசன் தொழிலாளருக்கு வேலை உத்தரவாதம், மழைகாலத்துக்குப் பொருத்தமான சுற்றுலாத் திட்டம், கடலுக்குப் போகிற பாதை எல்லாம் அரசாங்கமும் மாகாண சபையும் பிரதேச சபையும் செய்யவேண்டியவை. எங்கள் ட்ரிப் அதற்கு மாற்றீடு ஆகாது. ஆனால் 2024இல் 20 இலட்சத்துக்கு மேல் வெளிநாட்டவர் வந்தார்கள் என்று கொண்டாடுகிற நாட்டில், உள்ளூர்ப் பயணியை யாரும் கணக்கெடுப்பதில்லை. சீசன் இல்லாத மாதங்களில் அந்தக் கரைக்குப் போகக்கூடிய ஒரே ஆட்கள் நாங்கள்தான். விமான டிக்கெட் வேண்டாம், ஆறு மாதத்துக்கு முதல் புக் பண்ணவேண்டாம், ரயில் ஓடினால் போகலாம், எச்சரிக்கை வந்தால் நிற்கலாம். இந்த வசதி வெளிநாட்டவருக்கு இல்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் பட்சில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலியிலிருந்து வந்த நண்பிக்கு மட்டக்களப்பு என்றால் இன்றைக்கும் செய்தியில் பார்த்த ஊர்தான். அவளைக் கூட்டிப் போக விளம்பரப் படத்துக் கடல் தேவையில்லை. ஒரு வீட்டில் மழைக்கு ஒதுங்கி, இறால் கறியும் சோறும் சாப்பிட்டு, அந்த வீட்டு அம்மா அவளிடம் உடைந்த சிங்களத்திலும் அவள் உடைந்த தமிழிலும் கதைத்தால் போதும். அதற்கு அந்த அம்மாவுக்கு நேரம் இருக்கிற மாதம் வேண்டும்.

தைப்பொங்கல் முடிந்த அடுத்த கிழமை இரண்டு இரவு மட்டக்களப்பு, ஒரு இரவு திருகோணமலை என்று இந்த முறை யோசித்திருக்கிறோம். மழை கூடினால் மன்னார், அதுவும் முடியாவிட்டால் ஒரு மாதம் தள்ளிப் போடுவோம். குடை, மாற்று உடுப்பு, நுளம்புக்குப் பூச ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். நீச்சல் உடுப்பு வேண்டாம்.